சரசுவின் டப்பாவில் என் சளி

ஊரார் சளியையும் ரத்தத்தையும் முகம் சுளிக்காமல் ஏந்திக்கொண்டு போகிற ஆஸ்பத்திரி ஆயாக்கள் நாம், நம்மைச் சோதிக்க வந்தால் மட்டும் ஓடி ஒளிகிறோம், இல்லையா?

மூன்று 'இல்லை'

டில்லியில் எங்கள் வார்டில் வருஷா வருஷம் ஊழியர்களுக்கு டி.பி. சோதனை உண்டு. இருமலா, காய்ச்சலா, மெலிந்தாயா என்று டாக்டர் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். தீபாவளிக்குப் பிறகு இந்த ஊர்ப் புகையில் இருமாதவர் யார்? அதை ஒரு இருமலாக நான் சேர்க்கவில்லை. ஆயாக்களை இந்த ஊர் வழக்கப்படி மாஸி என்று கூப்பிடும் கேரளத்து சிஸ்டர் மட்டும் பக்கத்தில் நின்று, என் தோளில் தொளதொளத்துத் தொங்கியதையே பார்த்தார்.

"மாஸி, இது யாரோட ரவிக்கை?"

விடிகாலை டப்பா

வார்டைக் கூட்டித் துடைக்கும் சரசு எனக்கு அடுத்த வீடு. கான்ட்ராக்ட் வேலை. டாக்டர் முன்னாலேயே இருமித் தொலைத்தாள். காலையில் வருகிற முதல் சளியைக் கொண்டு வா என்று டப்பா கொடுத்துவிட்டார்கள். நோய் என்று வந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆள் போட்டுவிடுவான். புருஷன் கால் முறிந்து கிடக்கிறான். விடிந்ததும் டப்பாவோடு என் வாசலில் நின்றாள். இரண்டு தடவை முடியாது என்றேன்.

"அக்கா, நீ கல்லு மாதிரி இருக்கே. உன் சளியைக் குடு, எங்க அடுப்பு எரியட்டும்."

ரிசல்ட்

இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. சரசுவுக்கு டி.பி.யாம். சிஸ்டர் மாத்திரை எடுக்க உள்ளே போனார். டப்பாவில் நான் கொடுத்தது என் சளி. சரசு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"நீ வாயைத் திறக்காதே அக்கா. வேலை போனா எனக்குப் போகட்டும், மாத்திரையை வாங்கி உனக்குத் தந்துடறேன்."

வேப்பமரத்தடி

அதைக் கேட்ட பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இந்தியில் அரைமணி நேரம் திட்டினார். இருவருக்கும் மறுபடி சளி, எக்ஸ்ரே. சரசுவின் நெஞ்சு சுத்தம். தரை கழுவும் ஆசிட் நெடியில் வந்த இருமலாம். எனக்கு ஆறு மாத மாத்திரை. சிஸ்டர் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் இருவர் வேலையும் தங்கியது. அடுத்த சோதனைக்கு டப்பா வாங்கக் கை நீட்டியபோது, சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

"வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம் மாஸி. அதோ, வேப்பமரத்தடியில, என் கண்ணு முன்னால."

அடுத்தவள் பேரில் திருட்டுச் சளி கொடுத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவள், நம் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.