அக்கா வீட்டு வாழை தள்ளிய முதல் தார்

எங்கள் அக்கா படவேட்டுப் பக்கத்தில், நெல்லும் கரும்பும் வாழையும் சூழ்ந்த ஒரு சிற்றூரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்கு அடுத்தவள். நினைவு தெரிந்த நாள் முதல் அவரோடு சண்டை போட்டவள் என்ற உரிமையில் இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "ரொம்ப அளக்காதடி" என்பார். அதனால் அவர் வளர்த்த வாழையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, மலைமேல் இருக்கும் காவலூரில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி அக்கா மலைக்குப் புறப்பட்டபோது அம்மா ஈரச்சாக்கில் சுற்றி வாழைக்கன்றுகளைக் கொடுத்தனுப்பினார். வீட்டின் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் அக்கா அவற்றை நட்டார். முதல் தார் எங்கள் ஊர் அம்மனுக்கு என்று வேண்டிக்கொண்டார். குழந்தை வரம் கேட்டுத்தான் அந்த வேண்டுதல் என்பது அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

மலைக் குளிரில் வாழை கீழே மாதிரி அவசரப்படாது. ஆனாலும் தள்ளும். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் தள்ளியது. அக்கா வீட்டில் மட்டும் மரம் வளரும், கன்று வெடிக்கும், தார் வராது. எப்போதாவது ஒரு பூ எட்டிப் பார்த்தாலும் சுண்டு விரல் பருமனில் பிஞ்சு வெம்பிப்போகும். காரணம் ஊருக்கே தெரியும். மற்ற வீடுகளில் தார் கெட்டுவிடும் என்று மரத்தைத் தொட விடமாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் இலைக்குக் கத்தியோடு அக்கா வீட்டுக்குத்தான் வருவார்கள். இலையை எல்லாம் பறிகொடுத்த வாழை எதைத் தின்று குலை தள்ளும்? வாழைக்கு நடுவில் பிறந்த அக்காவுக்கு இது தெரியாதா என்ன! கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா தம் மகளுக்கு வளைகாப்பு வைத்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாத, மத்தது எல்லாம் எழுது" என்றார்.) நான் வாழ்க்கைப்பட்ட கலசப்பாக்கத்திலிருந்து அன்று அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு பிள்ளை பெற்றவள் என்று என்னை வளையல் அடுக்கக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. பந்தியில் யாரோ, "எல ஜோரா கீதே, யார் வூட்டுது?" என்று கேட்டார்.

"எதிர் வூட்டுதுதான். அவ கைக்கு எலதான் வரும், காய் காய்க்காது" என்றார் பெரியம்மா.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

"இன்னாக்கா நீ, இவங்களுக்குப் போய் எல அறுத்துக் குடுத்துக்கீற?"

"எல கேட்டாங்க, குடுத்தேன். வளையலுக்குக் கூப்பிடல, போகல. அது வேற, இது வேறடி."

"அப்ப அம்மனுக்கு வேண்டிக்கினியே, அந்தத் தாரு?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரத்தடிச் சருகை அள்ளப் போய்விட்டார். அவருக்கும் வலிக்கிறது என்று அன்றுதான் கண்டேன்.

பிறகு அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. வேலூர் ஆஸ்பத்திரியும் கலசப்பாக்கத்தில் என் வீடுமாக மாதங்கள் ஓடின. காவலூர் வீடு பூட்டிக் கிடந்தது. கேட்காமல் இலை அறுக்கும் பழக்கம் அந்த ஊரில் இல்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி, நாங்கள் அழைத்து வந்தபோது ஒரு மரம் குலை தள்ளி நின்றது.

"நான் இல்லாத நேரம் பார்த்து தள்ளிக்கீது பாரு, திருட்டுக் கழுத!" என்று அக்கா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கட்டிலைப் பின்வாசல் ஓரம் போடச் சொன்னார். "தாரு முத்தட்டும், நானே எடுத்துக்கினு போய் அம்மனாண்ட வெச்சிட்டு வர்றேன்" என்றார்.

அப்போதும் இலை கேட்டு வந்தார்கள். "மத்த மரத்துல அறுத்துக்கோங்க. இது ஒண்ண மட்டும் வுட்டுடுங்க" என்றார் அக்கா. அவர் தமக்கென்று அந்த ஊரில் கேட்டது அது ஒன்றுதான்.

தார் முற்றும் முன்பே அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கூட்டம் நினைத்ததைவிட அதிகம். இலை போதவில்லை. வெளியூர் உறவினர் ஒருவர் விவரம் தெரியாமல் அந்த மரத்தடிக்குக் கத்தியோடு போனார். எதிர்வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து மரத்தை மறித்து நின்றார்.

"கத்திய கீழ வெய்யுங்க. அவ இத மட்டுந்தான் கேட்டா. எல நான் கொண்டாந்து தர்றேன்."

சொன்னபடியே கொண்டுவந்தார். யாரையும் தொட விடாத தம் வீட்டு மரங்களில், பூ விட்டிருந்தவற்றையும் விடாமல் அறுத்துக்கொண்டு வந்தார். அந்த முறை அவர் வீட்டுத் தார்கள் வெம்பிப்போயின. அக்கா வீட்டுத் தார் திரண்டு முற்றியது.

மாமாவும் பெரியம்மாவும் நானும் அதை அம்மனிடம் கொண்டுபோனோம். பஸ்ஸில் அதைக் கீழே வைக்கப் பெரியம்மா சம்மதிக்கவில்லை, வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். "என் வாய் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். அக்காவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். "அது வேற, இது வேற பெரிம்மா" என்றேன்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்கள், வேலூருக்கு வண்டி ஓட்டியவர்கள், கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர்கள், கடைசி வரை பக்கத்திலிருந்த காவலூர் மக்கள், பெயர் சொல்லாத அந்தப் பெரியம்மா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் மலரோடு உங்கள் கையில் தந்திருக்கும் பழம், அந்த மரத்தின் பக்கக்கன்று தள்ளிய தாரில் பழுத்தது. இலை கேட்டு வருபவர்களுக்கு மாமா இன்றும் மறுப்பதில்லை. தாராளமாகக் கத்தியோடு வாருங்கள். ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.