கடைசி பெஞ்சின் முணுமுணுப்பு

என் தங்கைக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. துணிக்கடையில் ஏழு வருஷம் பில் போட்டவள். சண்டைக்கு வந்தவர்களையும் பேசியே சிரிக்கவைத்து அனுப்பியவள். அப்படிப்பட்டவள் முப்பத்தொரு வயதில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர் முன்னால் நின்றபோது திருதிருவென்று விழித்தாள். பிள்ளைகள் சந்தைக்கடை போல இரைந்தார்கள். பார்வையிட வந்த விரிவுரையாளர் அம்மா ஐம்பதுக்குப் பதினேழு போட்டுவிட்டுப் போனார். தேற இருபத்தைந்து வேண்டும். இரண்டாவது தடவையும் தவறினால் அந்த வருஷம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும்.

அவள் வகுப்புக்குப் போகும் நேரத்தில் அவளுடைய இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான். அதற்காகப் பார்த்த வேலையை விட்டிருந்தேன். ஆகவே அந்த இருபத்தைந்து எனக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரு தினுசு. எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். அவள் வகுப்பில் மட்டும் வீட்டில் பேசுகிற மொழி ஆறு. பாடம் நடத்துகிற மொழி பாதிப் பேருக்கு வெளியில் கற்றுக்கொண்டதுதான். இடைவேளையில் வராந்தாவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பேச்சு மாறும் என்பாள்.

“சத்தம், அக்கா. சத்தத்துக்குத்தான் அவங்க மார்க்கைக் குறைச்சாங்க. இந்தத் தடவை யாரும் மூச்சு விடக்கூடாது” என்று வாரம் முழுக்க இதே ஜபம்.

அவளுக்குத் தலைவலியாக இருந்தது கடைசி பெஞ்ச். அங்கே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். பக்கத்தில் மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த புதுப்பெண். பாடம் தொடங்கினால் இரட்டைச் சடையின் வாய் புதுப்பெண்ணின் காதோரம் போய்விடும். மணி அடிக்கும்வரை முணுமுணுப்புதான். புதன்கிழமை என் தங்கை இரட்டைச் சடையை எழுப்பி முதல் வரிசையில், ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

“டீச்சர், அது வந்து...”

“பேசாதே. இனிமே பாடம் நடக்கும்போது வாயைத் திறந்தா வெளியிலதான் நிக்கணும்.”

சாயங்காலம் வந்து பெருமையாகச் சொன்னாள். “நல்லா செஞ்சே. விட்டா தலைமேல ஏறி உட்கார்ந்துக்கும்” என்றேன் நான், பெரிய அனுபவசாலி மாதிரி. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளை. விரிவுரையாளர் அம்மா கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மதிப்பெண் தாளை மடியில் விரித்துக்கொண்டார். பாடம், கொள்ளளவு. மேசைமேல் உயரமான ஒல்லிப் பாட்டில் ஒன்று, அகலமான டப்பா ஒன்று. இரண்டிலும் தண்ணீர்.

வகுப்பு அமைதியாக இருந்தது. தங்கைக்கே நம்ப முடியவில்லை. “எதுல தண்ணி அதிகம்?” என்று கேட்டாள். எல்லாரும் பாட்டிலைக் காட்டினார்கள். பேனா ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தத் தெம்பில் கடைசி பெஞ்சைப் பார்த்து, “நீ சொல்லும்மா” என்றாள்.

புதுப்பெண் எழுந்து நின்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள், மெதுவாக. அந்தக் குழந்தையின் பார்வை பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குப் போனது. பிறகு ஜன்னலோரம் போனது. அங்கே இரட்டைச் சடை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் என் தங்கைக்கு உறைத்தது. மூன்று வாரமாக அது அரட்டை இல்லை. அவள் சொன்ன பாடத்தை ஒரு வரி விடாமல் இரட்டைச் சடை புதுப்பெண்ணுக்குத் தங்கள் வீட்டு மொழியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ‘சரி, உட்காரு’ என்று ஒரு வார்த்தை சொல்லி வேறு பிள்ளையிடம் போயிருக்கலாம். தாளில் ஒரு மார்க் கூடக் குறைந்திருக்காது.

“நீ பழைய இடத்துக்குப் போம்மா” என்றாள் இரட்டைச் சடையிடம்.

அவள் அசையவில்லை. “பேசினா வெளியில நிக்கணும்னு சொன்னீங்களே டீச்சர்.”

முப்பத்து நான்கு பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பின்னால் பேனா நின்றுவிட்டது.

“சொன்னேன். தப்பு என்னுது. நீ போய்ப் பேசு.”

இரட்டைச் சடை போனாள். முணுமுணுத்தாள். புதுப்பெண் ஏதோ சொன்னாள்.

“ரெண்டும் ஒண்ணாவும் இருக்கலாமாம் டீச்சர். ஊத்திப் பார்க்காம எப்படிச் சொல்றதுன்னு கேக்கிறா.”

ஊற்றிப் பார்த்தார்கள். ஒரே அளவு. அவ்வளவுதான், வகுப்பு வெடித்தது. ஆறு பேச்சிலும் சத்தம். பெஞ்ச் நனைந்தது. எழுதிவைத்த பாடத்தில் பாதி நிற்க, மணி அடித்துவிட்டது.

பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். கடைசி பெஞ்சில் அந்த இருவரும் நனைந்த நோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளர் அம்மா தாளைக் காட்டினார். கட்டுப்பாட்டுக்கு மறுபடியும் அடி. ஆனால் திட்டமிடலுக்குப் பத்துக்கு எட்டு. மொத்தம் இருபத்தேழு.

“அந்தப் பெண்ணை முதல்ல பிரிச்சு வெச்சு, அப்புறம் கொண்டுவந்து சேர்த்தீங்களே, அதுக்குத்தான் எட்டு. ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு தேவைன்னு வகுப்புக்கே புரிஞ்சுது. திட்டம் போட்டுத்தானே செஞ்சீங்க?”

“இல்ல மேடம். சத்தம் வரக்கூடாதுன்னு நேத்துப் பிரிச்சேன். அவ எதுக்குப் பேசறான்னு கேக்கவே இல்ல.”

அந்த அம்மா மறுபடி பேனாவைத் திறந்து, எட்டை அடித்து நான்கு ஆக்கினாராம். இருபத்து மூன்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதைச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

“ஒரு ‘ஆமா’ போட்டிருந்தா உன் வாயில முத்தா உதிர்ந்திருக்கும்? அவங்களே எடுத்துக் கொடுக்கிறாங்க, வாங்கிக்கத் தெரியலையாடி உனக்கு? ஒரு வருஷம்டி!”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா.” குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். “பின்னாடி முணுமுணுப்பு கேட்டுச்சு. அந்தம்மா கேட்டதை இரட்டைச் சடை புதுப்பெண்ணுக்குச் சொல்லிக்கிட்டிருந்தா. அடுத்து நான் சொல்லப்போற ‘ஆமா’வையும் அவதானே சொல்லணும்?”

குழந்தை அவள் தோளில் கிடந்த அடையாள அட்டையின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமும் குழந்தையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறேன்.