நம்பர் பலகைமேல் ஒரு பெயர்

என் அம்மா மீனம்மாள் ஐம்பது வயதுக்கு மேல் மொபெட் ஓட்டப் பழகினாள். இருபுறமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் அன்னவாசல் டீக்கடைகளுக்குப் போவாள். என்னைப் பொறியியல் படிக்க வைத்தது அந்தப் பால்தான். அவள் வண்டி ஓட்டுவதைப் பார்த்து ஊர் சிரித்தது. "சிரிக்கிறவுக கேனைத் தலையில வச்சு நடங்க" என்பாள்.

ஒருமுறை கோயிலுக்கு எவர்சில்வர் குடம் வாங்கினாள். பேர் வெட்டித் தரவா என்று கடைக்காரர் கேட்டார்.

"தண்ணி மோக்கத்தானே குடம்? பேரு படிக்கவா?"

போன ஆடியில், பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, கடைவீதி முக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் அவளை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனாள். பார்த்தவர்கள் யாருக்கும் கார் எண் தெரியவில்லை. எண் கிடைத்தால் பிடித்துவிடலாம் என்றது போலீஸ்.

முக்கத்தில் கேமரா இருந்தது. இரும்புக்கடை முருகப்பன் ஊருக்குக் கொடுத்தது. பதிவுப் பெட்டியும் அவர் கடையில்தான். விலை உயர்ந்த கேமரா. ஹார்ட் டிஸ்கில் ஆறு மாதப் பதிவு நிற்க வேண்டும் என்று படத்தின் தரத்தைக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் தூரத்தில் வரும் வண்டியின் நம்பர் பலகை வெறும் சாம்பல் கறை. கேமராவுக்குக் கிட்டத்தில், படத்தின் அடிப்பகுதிக்கு வந்தால்தான் எண்ணைப் படிக்க முடியும். சரியாக அந்த இடத்தில் தடித்த மஞ்சள் எழுத்து: 'அன்பளிப்பு: முருகப்பன் இரும்புக்கடை.'

அவர் கடையில் உட்கார்ந்து பதிவை ஒவ்வொரு படமாக நிறுத்தினேன். எண்ணைத் தேடி, அம்மா விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கார் சாம்பல் கறையோடு வந்தது. மஞ்சள் எழுத்துக்குள் நுழைந்தது. படத்தை விட்டே போய்விட்டது.

பக்கத்தில் நின்ற முருகப்பன் மெதுவாகக் கேட்டார்.

"பேர மட்டும் அங்கிட்டு நகத்திப் பாக்க முடியாதாம்மா?"

"அது மேல ஒட்டுனது இல்லங்க. பதிவாகும்போதே படத்துல எழுதிருது. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

அவருக்குப் புரியவில்லை. துடைத்தால் போய்விடும் என்றே நினைத்தார். கேமராப் பதிவுகளைத் தெளிவாக்கும் வேலையில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். மங்கிய படத்தை ஓரளவு தேற்றுவேன். பதிவாகாததை எங்கிருந்து எடுப்பேன்?

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முருகப்பன் மாலையோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, அதனால் கோபம் இன்னும் கூடியது.

"கேமராவுல ஒங்க அம்மா பேரையும் சேத்துப் போட்டுறலாம்மா. நினைவா இருக்கும்."

மறுநாள் காலை அவர் கடைக்குப் போய்ப் பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டைக் கேட்டேன். அம்மா பெயரைப் போடத்தான் என்று நினைத்துக் கொடுத்தார். மஞ்சள் எழுத்தை அழித்தேன். தரத்தை முழுதாக ஏற்றினேன். திரையில் ஒரு மினிபஸ் வந்தது. தூரத்திலேயே எண் பளிச்சென்று தெரிந்தது.

"இப்பிடி வச்சா ஆறு மாசம் நிக்காதேம்மா?"

"நிக்காதுங்க."

திரையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மூலையில, சின்னதா கடை பேரு…" என்று இழுத்தார்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எழுந்து வந்தேன்.