ஆஷாடம் முடிந்தால் ஆடி

ஆந்திர எல்லையோர நகரியில் நான் நான்காம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு முறை கண்ணீரோடு விடைபெற்றிருக்கிறேன். இரண்டு முறையும் அடுத்த திங்கட்கிழமை காலையில் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த மானக்கேட்டுக்கு முழுக் காரணம் என் அம்மா.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை. மொட்டைத் தலையோடு மலையிறங்கி வருகிறவர்களுக்கு ரூம் கொடுப்பதும், வெந்நீர் வரவில்லை என்று அவர்கள் போடும் சண்டையைத் தீர்த்து வைப்பதும்தான் அவர் உத்தியோகம். வாரமெல்லாம் லாட்ஜிலேயே படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடித்து வருவார். இந்த அலைச்சல் போதும் என்று அந்த ஜூன் மாதத்தில் லாட்ஜுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. நைனா, அம்மா, நான், மூன்று பேருக்கு அது தாராளம்.

நான்காவதாக அத்தை இருந்தாள். நைனாவுக்கு அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே புருஷன் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள், திரும்பிப் போகவில்லை. தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் வேலை செய்துகொண்டிருந்தாள். நாங்கள் திருப்பதிக்குப் போனதும் அவள் சத்தியவேட்டில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. அங்கே ஹாலில் டி.வி.க்கு எதிரே அவளுக்குப் படுக்க இடம் கொடுப்பார்களாம். கடைசி சீரியல் முடிந்த பிறகு பாய் விரித்துக்கொள்ளலாம். அத்தையும் சரி என்றுவிட்டாள். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்பது அவள் கொள்கை. அதைத் தினம் ஒரு தடவையாவது பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுச் சொல்லுவாள்.

அம்மாவுக்கு விட்டது சனி என்றிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் விடிந்தால் சண்டை. குழம்பில் புளி ஏறிவிட்டது, துணி காயப்போடும் கயிற்றில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டாய், குழந்தைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய். இதில் கெட்டுப்போன குழந்தை நான். எந்தப் பக்கம் சேர்ந்தால் அன்றைக்கு முறுக்கு கிடைக்கும் என்று பார்த்துச் சேர்ந்துகொள்வேன்.

ஊர் மாறுவதை நான் அவசரப்பட்டு வகுப்பில் சொல்லிவிட்டேன். டீச்சர் என்னை முன்னால் நிற்கவைத்து எல்லோரையும் கை தட்டச் சொன்னார். என் உயிர்த் தோழி வாசனை ரப்பரைக் கொடுத்துவிட்டு அழுதாள். நானும் அழுதுகொண்டே ஜன்னலோர இடத்தை அவளுக்கு எழுதிவைக்காத குறையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பாத்திரமெல்லாம் சாக்கில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியோடு நைனா வர வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை அம்மா திருப்பதி வீட்டுக்கார அம்மாவுக்கு ஃபோன் போட்டு, ஆஷாடம் பிறந்துவிட்டதே, பரவாயில்லையா என்று தெலுங்கில் கேட்டாள். பாவம், அந்த அம்மாவுக்கு அதுவரை அந்த நினைப்பே இல்லை. கேட்டதும் நினைப்பு வந்து பதறிவிட்டது. ஆஷாடம் தெலுங்குக்காரர்களுக்கு நம் ஆடி மாதிரி, ஆனால் சில நாள் முன்பே பிறந்து முன்பே முடிந்துவிடும்; அந்த மாதத்தில் அவர்கள் புது வீட்டில் பால் பொங்க வைக்க மாட்டார்கள்.

வண்டியோடு வந்த நைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நமக்கு எதுக்குடி ஆஷாடம்? நாம தமிழாளுங்க!"

"வீடு அவங்களுது. அவங்க மாசம்தான் பாக்கணும்," என்றாள் அம்மா.

நைனா வண்டிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன். ஜன்னலோர இடத்தில் தோழி உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை. ரப்பரையும் திருப்பிக் கேட்டாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கண்ணு போய்விடும் என்று சொல்லித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த ஒரு மாதம் வீட்டில் சாக்கைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. இட்லிப் பானை வேண்டும் என்றால் ஒரு சாக்கை அவிழ்க்க வேண்டும். தோசைக்கல் எப்போதும் கடைசிச் சாக்கின் அடியில் இருக்கும். அப்போதுதான் நான் ஒரு திருட்டைக் கண்டுபிடித்தேன். அத்தைக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு உண்டு. கல்யாணத்துக்குக் கொடுத்தது, விளிம்பில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருக்கும். அத்தை அதைத் தன் தகரப் பெட்டியில் வைப்பாள். மறுபடி சாக்கை அவிழ்த்தால் அது எங்கள் தட்டுகளோடு இருக்கும். அத்தை எடுத்துப் பெட்டியில் வைப்பாள். மறுவாரம் திரும்பவும் எங்கள் சாக்கில் இருக்கும்.

நான் விடுவேனா? "அத்தே, உன் தட்டை அம்மாதான் எடுத்து எடுத்து நம்ம மூட்டையில போட்டுக்கினு இருக்குது, நான் பாத்தேன்," என்று போட்டுக்கொடுத்தேன். பெரிய சண்டை நடக்கும், நாம் நடுவில் நின்று பார்க்கலாம் என்று ஆசை. அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, போய்ப் படி என்று என்னை விரட்டினாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஆடி அமாவாசையோடு ஆஷாடம் ஒருவழியாக முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது முறை விடைபெற்றேன். இந்தத் தடவை கைதட்டல் கொஞ்சம் சோம்பலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை நைனா வண்டியிலிருந்து இறங்கி வரும்போதே, "ஆஷாடம் போயிடுச்சு, கெளம்பலாமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"அது எப்படி? நம்ம ஆடி மாசம் இன்னும் நடக்குதே," என்றாள் அம்மா. "நாம தமிழாளுங்க."

நைனா மறுபடியும் வண்டிக்காரருக்கு டீ வாங்கப் போனார். அத்தைக்குத்தான் கோபம் வந்தது. "ஏம்மே, எதுக்கு அவனை இப்படி அலைய விடுற? நீங்க கெளம்பினாத்தான் நானும் என் வழிய பாத்துக்கினு போவேன்."

"போறதுக்கு உனக்கு என்ன அவசரம் அண்ணி? சத்தியவேட்டுல பந்தி போட்டுக்கினு காத்துக்கினு இருக்காங்களா?" என்று அம்மாவும் கத்தினாள்.

திங்கட்கிழமை டீச்சர் என்னைப் பார்த்தார். கையால் வாயை மூடிக்கொண்டு போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பில் எனக்கு 'ஷிஃப்டிங்' என்று பெயர் விழுந்தது. திருப்பதிக்குப் போவதொன்றுதான் இனி என் மானத்தைக் காப்பாற்றும் என்று காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார் அதற்கு நேர்மாறாகச் செய்தார். காத்திருந்து சலித்துப்போன வீட்டுக்கார அம்மா வேறு யாருக்கோ வீட்டை விட்டுவிட்டாள். நைனா ஃபோனில் சொன்னபோது நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா மட்டும் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "போனா போவுது. வேற பாருங்க. இன்னும் கொஞ்சம் பெரிசா பாருங்க," என்றாள். தோசைக்கல் அன்றைக்குத்தான் மேலே வந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வேறு வீடு கிடைத்துவிட்டது, ஆனால் திருச்சானூர் போகும் வழியில், லாட்ஜுக்குத் தூரம், தினம் சைக்கிள் மிதிக்க வேண்டும், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று குறைகளை அடுக்கினார்.

"எத்தினி ரூம்?" என்றாள் அம்மா.

"ரெண்டு."

"ரெண்டாவது ரூமுக்குக் கதவு இருக்குதா?"

"இருக்குது. கொஞ்சம் இழுத்துச் சாத்தணும்."

அம்மா எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். தோசைக்கல்லை அது ஆறும் முன்பே துணியில் சுற்றிச் சாக்கில் போட்டாள். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்று நைனா நினைவூட்டினார். "அது பாட்டுக்கு அது போவுது, நாம பாட்டுக்கு நாம போலாம்," என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். ஆடிச் செவ்வாயில் வீடு மாறிய குடும்பம் எங்கள் தெருவில் அதற்கு முன்பு இல்லை. கணக்கு வகுப்பின் நடுவில் வந்து என்னை அழைத்துப் போனார்கள். கைதட்டல் இல்லை, அழுகை இல்லை. "மள்ளி வஸ்தாவுலே," திரும்பி வரத்தானே போகிறாய், என்று டீச்சர் போர்டைப் பார்த்தபடியே சொன்னார். தோழி தலையைக்கூடத் தூக்கவில்லை. நிஜமாகவே போகிறேன் என்று நான் வாசலில் நின்று கத்தியதற்கு வகுப்பே சிரித்தது. அதன் பிறகு நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

வண்டியில் தகரப் பெட்டியும் ஏறியது. அத்தை வர மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாள். "உன் தட்டு அடி சாக்குல மாட்டிக்கிச்சு அண்ணி, திருப்பதிக்கு வந்துதான் எடுக்கணும்," என்றாள் அம்மா. அத்தை திட்டிக்கொண்டே ஏறினாள். முன் சீட்டில் யார் உட்காருவது என்று புத்தூர் வரை இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

புது வீட்டில் ராகு காலத்தில் பால் பொங்கியது. கதவு வைத்த ரூம் எனக்குத்தான் என்று நான் ஓடிப்போய் என் பையை வைத்தேன். அம்மா அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, தகரப் பெட்டியை உள்ளே தள்ளினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீதான் அத்தைகூட எந்நேரமும் சண்டை போட்டுக்கினே இருக்கிறியே! அவங்களுக்கு எதுக்கு கதவு வச்ச ரூம்?"

"சண்டை போட்டா, போய் சாத்திக்கினு உக்காற ஒரு கதவு வேணாமா?" என்றாள் அம்மா.

பதில் சொல்லத் தெரியாமல் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து நான் ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு விம்மினேன். என் அம்மாவைப்போல நாள் கிழமை பார்க்கிறவள் உலகத்திலேயே கிடையாது என்று வெகுநாள் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அவள் எதற்கும் பஞ்சாங்கம் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.