வராத கப்பல்கள் கட்டிய வரி

நிதி அமைச்சகத்தில் அவளுக்கு மாடலக்கா என்று பெயர். வைத்தவர் லிஃப்ட்காரர். "நாட்டுப் பொருளாதாரத்தையே சமன்பாடா எழுதி கம்ப்யூட்டருக்குள்ள வெச்சிருக்கோம். வரியைக் கூட்டினா என்ன ஆகும், செலவைக் குறைச்சா என்ன ஆகும்னு அது சொல்லும். அதுக்குப் பேரு மாடல்" என்று ஒருநாள் நாலு மாடி ஏறுவதற்குள் விளக்கித் தள்ளிவிட்டாள். பாவம் மனுஷன், கடைசி வார்த்தைதான் மனசில் நின்றது.

முன்பெல்லாம் அந்த வேலையை வெளிநாட்டு நிபுணர்கள்தான் பார்த்தார்கள். பட்ஜெட்டுக்கு மூன்று வாரம் முன்பு வந்து இறங்குவார்கள், ஒரு எண்ணைச் சொல்வார்கள், பறந்துவிடுவார்கள். எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். "நம்ம கணக்கை நாமளே போட நமக்குத் துப்பில்லையா?" என்று இவள் ஏழு வருஷம் மல்லுக்கு நின்றாள். ஒருவழியாக ஒரு அறையும் கூட மூன்று ஆட்களும் கிடைத்தார்கள். இந்த வருஷம்தான் முதல்முறையாக உள்ளூர் மாடலின் எண் பட்ஜெட் உரையில் ஏறியது. அதை நம்பி, ஆயிரத்து இருநூறு தற்காலிக நர்சுகளை நிரந்தரமாக்குவதாக அமைச்சர் எழுதிக்கொண்டார்.

உரைக்கு முந்தின நாள் காலை. பத்திரிகைக் குறிப்புக்காக வரி வருமானப் பகுதியைத் திறந்தவள் கண்ணில் தன் பழைய தப்பு ஒன்று பட்டது. இரண்டு வருஷம் முன்பு துறைமுகத்தில் வேலைநிறுத்தம். தேங்கிய சரக்கெல்லாம் அடுத்த வருஷம் மொத்தமாக வரும் என்று, இறக்குமதியைக் கையால் கொஞ்சம் ஏற்றி எழுதியிருந்தாள், ஒரே ஒரு வருஷத்துக்கு. மாடல் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். செய்தால் எடுத்துவிட வேண்டும். அவள் எடுக்கவில்லை! அந்தச் சரக்கு வந்து, விற்று, தீர்ந்தும் போயிற்று. மாடலுக்குள் மட்டும் அந்தக் கப்பல்கள் இன்னும் வந்து வந்து வரி கட்டிக்கொண்டிருந்தன.

எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். வருமானம் நூற்றுக்கு மூன்று குறைந்தது. நர்சுகளுக்கு ஒதுக்கிய பணம் அத்தனையும் அதிலே போயிற்று.

கணவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் பஸ் டிரைவர்.

"ஏம்மா, உன்னைத் தவிர அந்தப் பகுதியைப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன பயம்?"

"அதுதாங்க பயம்."

உண்மைதான். வரிப் பகுதியை மட்டும் அவள் யாரையும் தொட விட்டதில்லை. கூட இருக்கிற மூன்று பேரும் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

மேல்மாடியில் நிதித்துறைச் செயலாளர் அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஆபீசுல யாருக்கும் தெரியாது சார்."

"அப்பாடா!" அவர் முகம் மலர்ந்தது. "உரை அச்சுக்குப் போயாச்சு. எண் அப்படியே இருக்கட்டும். நர்சுங்களை ஆறு மாசம் கழிச்சு ஏதாவது சொல்லி அனுப்பிக்கலாம். இதுக்குத்தாம்மா நம்ம ஆளு வேணும்ங்கறது. வெளிநாட்டுக்காரன்கிட்ட இப்படிக் கேக்க முடியுமா?"

ஏழு வருஷம் தொண்டை வற்றக் கத்தியது இதற்குத்தானா! படி இறங்கினாள். வாயைத் திறந்தால் வேலை போகும். அறையைப் பூட்டுவார்கள். பழைய வெளிநாட்டு ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அறைக்குள் போய் மூன்று பேரையும் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். "இந்தப் பகுதியை முழுசாப் பாருங்க. தப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க."

பத்து நிமிஷத்தில் ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். "ஐயையோ, அக்கா! இந்தக் கப்பலெல்லாம் எப்பவோ வந்துட்டுப் போயிடுச்சே!"

மாடலக்கா மறுபடி மேலே போனாள். "சார், இப்ப நாலு பேருக்குத் தெரியும்."

செயலாளர் அவளையே முறைத்துப் பார்த்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். போனை வைத்தவர், "இனிமே நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார்.

"சரி சார். அந்த மூணு பேரு?"

"அவங்க எங்கேயும் போகக் கூடாது. புது எண்ணை வேற யாரு போடுவா?"