பஞ்சுத்தாளில் அப்பா

அமெரிக்காவின் துலூத் நகரத்துப் பத்திரிகையின் இருட்டறையில் இர்யா கொஸ்கெலா இருபத்தெட்டு வருஷம் படம் கழுவினாள். பனியை வெறும் வெள்ளையாக விட்ட பிரதி ஒன்றுகூட அவள் கையிலிருந்து வெளியே போனதில்லை. பனியிலும் காற்று கீறிய வரிகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவாள். இருட்டறை மூடப்பட்டு, வீட்டுக்கு இங்க்ஜெட் பிரிண்டர் வந்த பிறகும் அந்தப் பிடிவாதம் போகவில்லை.

அக்கா லெம்பிக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. ஏரி உருகுவதற்குள் முகங்கள் தெரியாமல் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உறைந்த ஏரிமேல் அப்பா வலையோடு நிற்கும் படத்தை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும் என்றாள் லெம்பி. அதை எடுத்தது இர்யாதான், பதினேழு வயதில்.

இர்யா நான்கு வகைத் தாள் வரவழைத்தாள். எல்லாவற்றிலும் அதே படத்தை அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, சமையலறை மேசையில் ஜன்னலோரம் பரப்பினாள். பாரைட்டா என்ற மினுங்கும் தாளில் கறுப்பு, பனிக்கட்டியில் வெட்டிய துளைபோல ஆழமாக இருந்தது. பழைய இருட்டறைத் தாளின் அதே மினுமினுப்பு. பார்த்ததும் படம் கழுவும் மருந்தின் நெடி மூக்கில் ஏறியது. சிவப்பு விளக்கடியில், தட்டுத் தண்ணீரில், ஒரு முகம் மெல்ல மேலெழுந்து வருகிற நேரம்.

"இதுதான்" என்று நீட்டினாள்.

லெம்பி தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஜன்னல்தான்டி தெரியுது. திரையைத் துவைச்சு எத்தனை மாசமாச்சு?"

"அதை விடு. இந்தா, இது மினுங்காது. பஞ்சுத்தாள்."

லெம்பி தடவிப் பார்த்தாள். "சர்ச் விருந்துல விரிப்பாங்களே, அந்த மேசைத்துணி மாதிரி இருக்கு. ஆனா எல்லாம் ஒரே சாம்பல். அப்பா எங்க, கஞ்சியில விழுந்துட்டாரா?"

மற்ற இரண்டிலும் அதே கதை. ஒன்றில் ஜன்னல், ஒன்றில் கஞ்சி.

அக்கா போன பிறகு இர்யா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பனியின் வரிகளை வெளுக்க விட்டாள். ஏரி போயிற்று. கரை போயிற்று. அப்பாவின் மேல்கோட்டு மடிப்புகள் கறுப்பில் மூழ்கின. கரித்துண்டால் வரைந்ததுபோல முகம் மட்டும் நின்றது. பஞ்சுத்தாளில் அச்சிட்டாள். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் கிழித்திருப்பாள்.

அடுத்த முறை வந்தபோது லெம்பி அதை வெளிச்சத்தில் பிடித்து, தலையை மெல்ல மெல்லத் திருப்பினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"தொப்பியைக் கோணலா வச்சிருக்கார்" என்றாள். "ஒரு காது வெளியே. அந்தக் காதுதான் எப்பவும் விறைச்சுப்போகும். அம்மா திட்டித் தீர்ப்பா."

"ஆமாக்கா."

"பனியைக் காணோமே. நீ அப்படி விடமாட்டியேடி?"

"பனி வெளியே வேணுங்கிற அளவு கிடக்கு. நீ அப்பாவைப் பாரு."