லின் அக்காவின்ர இடக்கை

நான் பேய் பிசாசை நம்புற ஆள் இல்லை, அதை முதலே சொல்லிப்போட்டன். ஆரும் பேய்க்கதை தொடங்கினால் ‘உவைக்கு வேற வேலையில்லையோ’ எண்டு எழும்பிப் போற ஆள் நான். சத்தத்தோட வேலை செய்யிறவனுக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் பிடிபடும், ஒண்டில் வயர் லூஸ், இல்லாட்டி ஆரோ ஸ்பீக்கருக்கு மேல தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிருப்பினம். நீர் இப்பவே சிரிக்கிறீர். சிரியும், ஆனா முழுக்கக் கேட்டிட்டுச் சிரியும்.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. ஊரை விட்டு வந்து நானும் மனிசி சாந்தியும் இஞ்ச அஜின்கோர்ட்டில ஒரு வீட்டின்ர அடியில, பேஸ்மென்றில இருந்தனாங்கள். கிழமை நாளில கார்ச் சாமான் செய்யிற ஃபக்டரி, சனி ஞாயிறில கலியாண வீடுகளில கீபோர்ட் அடிச்சு சவுண்டும் பாக்கிறது. ஃபக்டரியில எனக்குப் பக்கத்து மெசினில நிண்டவதான் லின் அக்கா. சீனாவில இருந்து வந்தவ, என்னைவிட நல்லா மூத்தவ. முதல் வேலை செய்த இடத்தில இடக்கை மெசினுக்குள்ள போய் விரலெல்லாம் உணர்வு செத்துப் போச்சு. ஆனாலும் வலக்கையாலயே ரெண்டு பேற்ற வேலை செய்வா.

அவ ஊரில குஜெங் வாசிச்சவ எண்டது பிறகுதான் தெரியும். குஜெங் எண்டால் ஒரு நீட்டுப் பலகைப்பெட்டி, மேல தந்தியள், ஒவ்வொரு தந்திக்கும் கீழ அதைத் தாங்க ஒரு மரக்கட்டை, குதிரை எண்டு சொல்லுறது, நிக்கும். வலக்கை குதிரைக்கு இஞ்சால தட்டும், இடக்கை அங்கால அழுத்தும், அழுத்தினால்தான் சுரம் உயர்ந்து வளையும், விட்டால் இறங்கும், எங்கட வீணையில கமகம் மாதிரி. அழுத்த ஆளில்லாட்டி உப்பில்லாத கறிதான்.

லின் அக்காவின்ர தாய் சீனாவில கண் தெரியாமல் இருந்தா. அவவும் குஜெங்காரி. ஒவ்வொருமுறை ஃபோன் எடுக்கேக்கையும் ‘வாசிக்கிறியோ’ எண்டு கேப்பாவாம், இவ ‘ஓம், ஒவ்வொரு நாளும்’ எண்டு சொல்லுவாவாம். கை போன கதையை மூச்சு விடேல்லை. கடைசியில தாய் ‘எனக்கு இனிக் காது மட்டும்தான் மிச்சம், நீ வாசிச்சுப் பதிஞ்சு ஒரு கசற் அனுப்பு’ எண்டு கேட்டுப்போட்டா. ரீ பிறேக்கில லின் அக்கா அழுதுகொண்டு நிண்டா. “அம்மாவுக்கு ஒரு சுரம் கேட்டால் போதும், என்ர கை போனதைப் பிடிச்சிடுவா” எண்டா.

எங்கட ரெண்டு பேற்ற இங்கிலீசும் அரைகுறை, ஆனா அண்டைக்கு நான் சொன்னது அவவுக்கு நல்லா விளங்கினது. “அழாதேங்கோ அக்கா, இடக்கை தேவைப்படாத பாட்டாச் செய்வம்.”

கலியாண வீட்டுக்கு வாங்கின எக்கோ மெசின் என்னட்டக் கிடந்தது, அவ தன்ர குஜெங்கை எங்கட பேஸ்மென்றுக்குக் கொண்டந்தா. அவ ஒரு தந்தியைத் தட்ட, நான் அதைப் பிடிச்சு இழுத்து இழுத்து விட, அந்தச் சத்தம் பேஸ்மென்ற் முழுக்க நிண்டு மெல்ல மெல்லக் கரையும். அது கரையுமட்டும் பொறுத்திருந்து அடுத்ததைத் தட்டுவா. தாளமில்லை, பல்லவியில்லை. போதாக்குறைக்கு நான் அடியில எங்கட சுருதிப்பெட்டியையும் போட்டுவிட்டன். சுருதி இல்லாமல் எங்கட ஆக்கள் இருமவும் மாட்டினமே! கலியாண வீடுகளில என்னோட வாசிக்கிற பெடியன் ஒருத்தன் வந்து கேட்டிட்டு, “அண்ணை, உது பாட்டோ, ஃபிரிட்ஜ் உறுமுதோ?” எண்டான். எனக்கு ஒரு கவலையுமில்லை. உண்மையைச் சொன்னால், நான் வாழ்க்கையில செய்த இசையில எனக்குப் பிடிச்சது அதுதான்.

மேல்வீட்டு ஆக்கள் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கோயிலுக்குப் போவினம், அப்பதான் நடமாட்டச் சத்தம் இராது. அப்பிடி ஒரு வெள்ளி, வெளியில பனி கொட்டுது, அஞ்சு மணிக்கே இருட்டிப் போச்சு. ஹீட்டர் இரையும் எண்டு அதையும் நிப்பாட்டிப் போட்டன். சாந்தி போர்வையைச் சுத்திக்கொண்டு, “உந்தக் கண்டறியாத பாட்டுக்கு நான் குளிரில விறைக்கவேணுமே?” எண்டு பேசிப்போட்டு அறைக்குள்ள போட்டா.

லின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு தட்டத் தொடங்கினா. நான் கசற்றில பதியவிட்டு, பதியிறதை உடனுக்குடன ஹெட்போனில கேட்டுக்கொண்டு மெசினுக்கு முன்னால. கொஞ்ச நேரத்தில ஒரு சுரம் வளைஞ்சுது. ஓமப்பா, வளைஞ்சுது. நிமிந்து பாக்கிறன், அவவின்ர இடக்கை மடியில சால்வைக்குள்ள கிடக்குது. பிறகு இன்னொண்டு வளைஞ்சுது, இன்னொண்டு குழைஞ்சு இறங்கிச்சுது. நம்பினால் நம்பும், எனக்குப் பயம் வரேல்லை, அவ்வளவு வடிவாயிருந்தது. சரி, கசற் நாடா இழுக்குதாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு விட்டிட்டன்.

முடிஞ்ச உடன அவ கண்ணீரோட என்ர கையைப் பிடிச்சா. “நன்றி, உன்ர மெசின் அந்த இடக்கையையும் செய்துபோட்டுது” எண்டா. மெசின் அப்பிடிச் செய்யாது எண்டு சொல்லி அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.

அவ போனாப்பிறகு திருப்பிப் போட்டுக் கேட்டன். நாடா இழுத்தால் சுருதியும் சேர்ந்து இழுபடவேணும், ரெண்டும் ஒரே நாடாவிலதானே. சுருதி ஆடேல்லை, அசையேல்லை, அடிச்ச ஆணி மாதிரி நிக்குது. குஜெங் மட்டும் வளையுது. எக்கோ மெசினும் சத்தத்தை நீட்டும், வளைக்காது. சாந்தியைக் கூப்பிட்டுக் கேக்க வைச்சன். “நல்லாத்தானே இருக்கு, பிறகேன் முழுசுறியள்?” எண்டிட்டுப் போட்டா.

கசற் சீனாவுக்குப் போச்சுது. பிறகொரு நாள் லின் அக்கா எங்கட பேஸ்மென்றில இருந்து ஃபோன் கார்ட் போட்டுத் தாயோட கதைச்சா, தனியா எடுக்கப் பயம் எண்டு வந்தவ. கதைக்கக் கதைக்க அவவின்ர முகம் வெளிறிச்சுது, பிறகு சிரிக்கிறா, பிறகு அழுறா, எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஃபோனை வைச்சிட்டு என்னைப் பாத்துச் சொன்னா: “அம்மாவுக்கு என்ர கை போனது எப்பவோ தெரியுமாம். பொய் சொல்லேக்க என்ர குரல் மாறுமாம். அவ கோவிக்கேல்லை. நான் திரும்ப வாசிக்கிறனே, அது போதுமாம்.”

“பிறகேன் அக்கா முகம் வெளிறினது?”

“‘கசற்றில வலக்கை நீ, இடக்கை ஆர்?’ எண்டு அம்மா என்னட்டக் கேட்டா. நல்லா அழுத்துற கையாம். அந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்தனியோ எண்டும் கேட்டா.”

சாந்தி எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டா. பிறகு எத்தினையோ வருசம் நானும் லின் அக்காவும் அப்பிடி வாசிச்சம், வலக்கை மட்டும்தான் கேட்டுது, அதுவே எங்களுக்குப் போதும். சந்தோசமாத்தான் இருந்தம், இப்பவும் இருக்கிறம்.

ஆனா தம்பி, ஒண்டு மட்டும். அந்தக் கசற்றின்ர பிரதி என்னட்ட இருக்கு, அதைப் போன மாரிக்கு எடுத்து நல்ல ஸ்பீக்கரில போட்டுக் கேட்டன். சில சுரம் தட்டின பிறகு வளையேல்லை. தட்டேக்கையே உயர நிண்டு, பிறகு கீழ இறங்குது. எண்டால், லின் அக்கா தொட முன்னமே ஆரோ அந்தத் தந்தியை அங்கால அழுத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கினம். அடுத்து எந்தத் தந்தியைத் தட்டப்போறன் எண்டு அவவுக்கே தெரியாது, மனம் போன போக்கில தட்டினவ. அந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு.